முடிவு தெரியாமல் எடுத்த படங்கள்

1952இல் மேற்கு ஜெர்மனியில் வெளியான 'காசாபிளாங்கா'வில் நாஜிகள் கிடையாது. கதையின் வில்லனான மேஜர் ஸ்ட்ராசரை அடியோடு வெட்டி எறிந்திருந்தார்கள். ஜெர்மன் அதிகாரிகள் தங்கள் பாட்டை முழங்க, விடுதியில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று பிரெஞ்சு தேசிய கீதத்தால் அதை அமுக்கிவிடும் காட்சியும் போய்விட்டது. வதைமுகாமிலிருந்து தப்பி வந்த போராளி விக்டர் லாஸ்லோ, டப்பிங்கில் விக்டர் லார்சன் என்ற நார்வேக்கார அணு விஞ்ஞானி ஆகிவிட்டார். ஏதோ மர்மக் கதிர்களைக் கண்டுபிடித்தவராம். 102 நிமிடப் படத்தில் ஏறக்குறைய 25 நிமிடத்தைக் காணோம். மிச்சமிருந்தது ஒரு காதல் கதை, ஒரு பியானோ, நிறைய சிகரெட் புகை.

போர் முடிந்து ஏழே வருடம். நகரங்களில் இடிபாடுகளைக்கூட முழுதாக அள்ளி முடிக்கவில்லை. அந்த நாட்டு மக்கள், தங்களைப் பற்றி எதையுமே ஞாபகப்படுத்தாத ஒரு போர்ப் படத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினார்கள். முழுப் படத்தைத் தங்கள் மொழியில் பார்க்க அவர்களுக்கு 1975 வரை ஆனது. அதுவும் தொலைக்காட்சியில்.

பழைய போர்ப் படங்கள் தரும் ஆறுதலைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆறுதலுக்காக எதை வெட்டுகிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

செய்திச் சேனலை அணைத்துவிட்டு

அரசியல் கலங்கும்போதெல்லாம் மேற்கத்திய நாடுகளில் மக்கள் இரண்டாம் உலகப் போர்ப் படங்களை நோக்கி நகர்கிறார்கள். 2017 ஜனவரியில், ஏழு நாட்டவர் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது, அகதிகளைச் சேர்ப்பதும் நிறுத்தப்படும் என்று அதிபர் டிரம்ப் ஆணையிட்டார். 'காசாபிளாங்கா' பொதுத் திரையீட்டுக்கு வந்து 75 ஆண்டு ஆகப்போகிற நேரம் அது. விசாவுக்காக ஏங்கும் அகதிகளின் கதை திடீரென்று அன்றைய செய்தியாகிவிட்டது. அதே வருடம், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவது என்று முடிவெடுத்துவிட்டு எப்படி வெளியேறுவது என்று விழித்துக்கொண்டிருந்த பிரிட்டனில், கிறிஸ்டோபர் நோலனின் 'டன்கிர்க்' வந்தது. வெளியேற்றத்துக்காக ஓயாமல் பிரசாரம் செய்த நைஜல் ஃபராஜ், படத்தின் போஸ்டருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, இளைஞர்கள் எல்லாரும் இதைப் பார்க்க வேண்டும் என்று ட்விட்டரில் போட்டார்.

ஏன் போர்ப் படம்? வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எளிமையானது. அங்கே நல்லவன் யார், கெட்டவன் யார் என்பதில் குழப்பம் இல்லை. கடைசியில் நல்லவன் ஜெயிப்பான் என்பதும் தெரியும். இன்றைய செய்தியில் இரண்டுக்கும் உத்தரவாதம் கிடையாது. அதனால் களைத்த மனம் கறுப்பு வெள்ளைக்குப் போகிறது.

இந்தக் காரணம் பாதிப் படங்களுக்குத்தான் பொருந்துகிறது. போர் முடிந்தபின், ஜெயித்தவர்கள் உட்கார்ந்து நிதானமாக எடுத்த படங்களுக்கு இது சரி. போர் நடந்துகொண்டிருந்தபோதே, அடுத்த மாதம் என்ன ஆகும் என்று தெரியாதவர்கள் எடுத்த படங்கள் வேறு ரகம். இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கின்றன, ஒரே ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் ஒளிபரப்பாகின்றன. ஆனால் இரண்டு தரும் ஆறுதலும் ஒன்றில்லை. முதல் வகை நம்மைத் தூங்கவைக்கிறது. இரண்டாவது வகை பக்கத்தில் வந்து உட்காருகிறது.

1942, மே மாதம்

'காசாபிளாங்கா'வின் படப்பிடிப்பு 1942 மே 25 அன்று தொடங்கி ஆகஸ்ட் 3 அன்று முடிந்தது. அந்தத் தேதிகளை வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதி ஹிட்லர் கையில். சிங்கப்பூர் பிப்ரவரியிலேயே விழுந்துவிட்டது. படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, ஜூன் 21 அன்று, வட ஆப்பிரிக்காவில் டோப்ரூக் ஜெர்மானியர் வசம் போனது. ஜெர்மன் படைகள் தெற்கு ரஷ்யாவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

நம் பக்கத்தில், அதற்கு முந்தைய மாதம்தான் சென்னை காலியானது. ஏப்ரல் 5 அன்று கொழும்பில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் போட்டார்கள். அடுத்தது சென்னைதான் என்ற பீதியில் ஊரே மூட்டை கட்டியது. அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு மாறின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று பயந்து, மிருகக்காட்சி சாலையின் சிங்கம் புலிகளைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அந்த வருடத்தில் யாரிடமாவது போய், 'கடைசியில் நல்லவர்கள் ஜெயிப்பார்கள்' என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஹாலிவுட்டில் அந்த அரங்கத்துக்குள் நின்றவர்களுக்கு இது செய்தித்தாள் விஷயம்கூட இல்லை, சொந்த வீட்டு விஷயம். டைட்டிலில் பெயர் வரும் 14 நடிகர்களில் அமெரிக்காவில் பிறந்தவர்கள் மூன்றே பேர்: நாயகன் ரிக் வேடத்தில் நடித்த ஹம்ஃப்ரி போகார்ட், பியானோக்காரர் சாமாக வரும் டூலி வில்சன், பல்கேரிய இளம் மனைவியாக வரும் ஜாய் பேஜ். டூலி வில்சன் உண்மையில் டிரம்ஸ் வாசிப்பவர், பியானோ தெரியாது. மற்றவர்களில் பலர் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர்கள். சூதாட்ட மேஜையை நடத்தும் ஊழியராக வரும் மார்செல் டாலியோ, பிரான்சில் இயக்குநர் ரெனுவாரின் படங்களில் நடித்த பெரிய நட்சத்திரம். யூதர். நாஜிகள் பாரிசைப் பிடித்தபின், யூதன் இப்படித்தான் இருப்பான் என்று காட்ட அவருடைய முகத்தைப் போஸ்டரில் ஒட்டினார்கள். அவரும் அப்போது அவர் மனைவியாக இருந்த மதலீன் லெபோவும் பாரிஸ் விழுவதற்குச் சற்று முன் கிளம்பி லிஸ்பன் வழியாகத் தப்பினார்கள். படத்தில் அகதிகள் எல்லாரும் போகத் துடிக்கிற அதே லிஸ்பன். தலைமைப் பணியாளர் கார்லாக வரும் குண்டுக் கன்ன எஸ். இசட். சகால், ஹங்கேரி யூதர். அவருடைய சகோதரிகள் வதைமுகாமில் இறந்தார்கள். மேஜர் ஸ்ட்ராசரான கான்ராட் ஃபைட், யூத மனைவியோடு 1933இலேயே ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். நாஜிகளை வெறுத்த அந்த மனிதருக்கு ஹாலிவுட் திரும்பத் திரும்ப நாஜி வேடம் கொடுத்தது. அவர் போரின் முடிவைப் பார்க்கவில்லை, 1943இல் இறந்துவிட்டார்.

இவ்வளவும் தெரிந்த பிறகு அந்தப் பாட்டுக் காட்சியைப் பாருங்கள். கேமரா மதலீன் லெபோவின் முகத்துக்கு நெருங்கிப் போகும்போது அவர் கன்னத்தில் வழிகிற கண்ணீருக்குக் கிளிசரின் தேவைப்பட்டிருக்காது. பின்வரிசையில் நின்று பாடும் துணை நடிகர்களிலும் ஊரை விட்டு ஓடி வந்தவர்கள் இருந்தார்கள். அன்றைக்கு அவர்களுடைய பாரிசில் ஸ்வஸ்திகக் கொடி பறந்துகொண்டிருந்தது. திரும்பிப் போவோமா என்பது அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது. லெபோ 2016இல் தம் 92ஆவது வயதில் இறந்தபோது, உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்த ஒரு முகத்தைத்தான் போட்டன.

படம் முடிந்தபின் நடந்த ஒரு சங்கதி இன்னும் சுவையானது. 1942 நவம்பர் 8 அன்று நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கின. காசாபிளாங்கா என்ற ஊர் திடீரென்று உலகச் செய்தியில் வந்தது. வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு ஆசை வந்துவிட்டது. கடைசியில் ஒரு காட்சியைச் சேர்க்கலாமே. ரிக்கும் போலீஸ் கேப்டன் ரெனோவும் கப்பல் தளத்தில் நின்று படையோடு சேர்ந்து திரும்பி வருவது போல. திட்டம்கூடத் தயாரானது. அப்போது படத்தைப் பார்த்த தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக், முடிவில் கைவைக்காதீர்கள் என்று எச்சரித்தார். நல்லவேளை, கேட்டார்கள். அந்தக் கப்பல் காட்சி சேர்ந்திருந்தால் 'காசாபிளாங்கா' இன்னொரு வெற்றிப் படமாகி, 1946 வாக்கில் மறந்துபோயிருக்கும் என்பது என் கணிப்பு. இப்போது நாம் பார்ப்பது, மூடுபனியில் இரண்டு பேர் எங்கேயோ நடந்து போவதை. எங்கே போய்ச் சேர்வார்கள் என்று படத்துக்கே தெரியாது.

குறையில்லாத படம் என்று சொல்லவில்லை. மொராக்கோவில் நடக்கிற கதையில் மொராக்கோக்காரர்கள் எங்கே? கடைத்தெருவில் தலைப்பாகையோடு குறுக்கே போகிறார்கள், அவ்வளவுதான். பிரெஞ்சு சுதந்திரத்துக்காக எல்லாரும் உருகும் அந்த விடுதி, பிரான்ஸ் ஆக்கிரமித்து வைத்திருந்த நாட்டில் இருக்கிறது. அகதிகளுக்காக எடுத்த படத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் கண்ணில் படவில்லை.

உடைந்த கண்ணாடிக்கு நடுவே மொசார்ட்

அதே 1942இல் பிரிட்டனில் ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸின் சுமார் இருபது நிமிட ஆவணப்படம் ஒன்று வந்தது. 'லிசன் டு பிரிட்டன்' என்று பெயர். பின்னணிக் குரல் கிடையாது. ஒரு வார்த்தை விளக்கமும் கிடையாது. வயல்மேல் விமானம் பறக்கிற ஒலி, தொழிற்சாலை இயந்திரம், நடன அரங்கம், பள்ளிக்கூட முற்றத்தில் பிள்ளைகள், ரயில், சாப்பாட்டுக்கூடத்தில் பாட்டு. பிறகு தேசிய ஓவியக் கூடம். ஓவியங்களைப் பத்திரமாக வெளியூருக்கு அனுப்பிவிட்டதால் சுவர்களில் வெற்றுச் சட்டங்கள். அங்கே மைரா ஹெஸ் மொசார்ட் வாசிக்கிறார். கேட்பவர்களில் அரசியும் ஒருவர், சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே கேட்கும் அலுவலகப் பெண்களும் உண்டு. 1939 அக்டோபரில் தொடங்கிய அந்த மதிய உணவு நேரக் கச்சேரிகள் ஆறரை ஆண்டில் 1,698 நடந்தன. குண்டுவீச்சு கடுமையான நாட்களில் நிலவறைக்கு இறங்கி வாசித்தார்கள்.

இந்தப் படத்தில் எதிரியே இல்லை. ஜெர்மானியரைத் திட்டி ஒரு வரி இல்லை. வெளிநாட்டுப் பார்வையாளருக்குப் புரியாது என்று பயந்து, முன்னால் ஒருவரை நிற்கவைத்துப் பேசவைத்தார்கள். அந்த முன்னுரையைத் தாண்டி ஓட்டிவிட்டுப் பாருங்கள். உலகம் இடிந்துகொண்டிருக்கிறது, நாளைக்கு இந்தக் கட்டடம் இருக்குமா தெரியாது, இன்றைக்கு மதியம் கச்சேரி உண்டு. அரசியல் செய்தியால் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நான் முதலில் சொல்வது இந்தப் படத்தைத்தான்.

அடுத்து, 1943இல் மைக்கேல் பாவெலும் எமெரிக் பிரெஸ்பர்கரும் எடுத்த 'கர்னல் பிளிம்ப்'. போரின் நட்டநடுவில், தன் நாட்டு ராணுவத்தின் பழைய பெருமையைக் கிண்டலும் பாசமுமாகப் பார்க்கும் படம். போதாததற்கு, படத்திலேயே மிக நல்ல மனிதர் ஒரு ஜெர்மன் அதிகாரி. பிரதமர் சர்ச்சில் கொதித்துப்போனார். படத்தை நிறுத்த வழியுண்டா என்று அமைச்சருக்குக் குறிப்பு அனுப்பினார். நிறுத்த முடியவில்லை. ஏற்றுமதியைத்தான் கொஞ்ச காலம் தாமதப்படுத்த முடிந்தது. அந்த ஜெர்மானியராக நடித்த ஆன்டன் வால்புரூக், தாமே ஆஸ்திரியாவிலிருந்து வெளியேறி வந்தவர். கதை எழுதிய பிரெஸ்பர்கர், பெர்லினிலிருந்து தப்பி வந்த ஹங்கேரி யூதர். வயதான அந்த அதிகாரி 1939இல் இங்கிலாந்துக் குடியேற்ற அலுவலரின் மேஜை முன் உட்கார்ந்து, தான் ஏன் நாட்டை விட்டு வந்தேன் என்று மெதுவாகச் சொல்கிறார். நீண்ட நேரம் கேமரா வெட்டாமல் அவர் முகத்திலேயே நிற்கிறது. மனைவி போய்விட்டாள், பிள்ளைகள் நாஜிகள் ஆகிவிட்டார்கள். இன்றைக்கு எந்த நாட்டு விமான நிலையத்திலும் நடக்கக்கூடிய காட்சி. குண்டு மழைக்கு நடுவில் ஒரு நாடு தன்னையே கேலி செய்துகொள்ள முடிந்தது, பிரதமராலேயே அதைத் தடுக்க முடியவில்லை என்பதில் இருக்கிற தெம்பு, நூறு வெற்றி அணிவகுப்பில் கிடைக்காது.

தமிழிலும் அந்தக் காலத்தில் போர்ப் படம் வந்தது. போர் முயற்சிக்கு ஆதரவாகப் படம் எடுக்கச் சொல்லி ஆங்கில அரசு பட முதலாளிகளை நெருக்கியபோது, மாடர்ன் தியேட்டர்ஸின் 'பர்மா ராணி', கே. சுப்ரமணியத்தின் 'மானசம்ரட்சணம்' முதலியவை 1945இல் வெளியாயின. ஆறுதலுக்காக யாரும் இன்று அவற்றைத் தேடிப் போவதில்லை. அந்தப் போரை நம் போர் என்று சொன்னது நாம் அல்லவே.

ரிக் பின்வாங்கினார்

போர் முடிந்து இரண்டு வருடத்தில் அமெரிக்காவில் வேறொரு வேட்டை தொடங்கியது. 1947 அக்டோபரில் நாடாளுமன்றக் குழு ஒன்று ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடியது. வார்னர் பிரதர்ஸின் முதலாளி ஜாக் வார்னர் சாட்சிக் கூண்டில் ஏறி, தம்மிடம் வேலை பார்த்த எழுத்தாளர்களின் பெயர்களை ஒப்பித்தார். அவர் சொன்னவர்களில் 'காசாபிளாங்கா'வுக்குத் திரைக்கதை எழுதி ஆஸ்கர் வாங்கிய மூவரும் இருந்தார்கள்: எப்ஸ்டைன் இரட்டையர், ஹோவர்ட் கோச். தேசத்துரோக அமைப்பு எதிலாவது இருந்ததுண்டா என்ற கேள்விக்கு, உண்டு, வார்னர் பிரதர்ஸில் இருந்தோம் என்று எப்ஸ்டைன்கள் எழுதிக் கொடுத்ததாக ஒரு கதை உலவுகிறது. கோச்சுக்கு அப்படிச் சிரிக்க முடியவில்லை. போர்க்காலத்தில் அதே நிறுவனத்துக்காகச் சோவியத்தைப் புகழ்ந்து 'மிஷன் டு மாஸ்கோ' எழுதிக்கொடுத்தவர் அவர். அதுவே குற்றமாகிவிட்டது. வேலை போய், இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து, வேறு பெயரில் எழுத வேண்டியதாயிற்று.

போகார்ட் என்ன செய்தார்? முதலில் மனைவி லாரன் பகாலோடும் இயக்குநர் ஜான் ஹஸ்டனோடும் வாஷிங்டனுக்கே பறந்து போய் எதிர்த்தார். பத்திரிகைகள் திரும்பின, ஸ்டுடியோ மிரண்டது. சில மாதத்தில், தாம் கம்யூனிஸ்ட் இல்லை என்று சினிமாப் பத்திரிகையில் விளக்கக் கட்டுரை வந்தது. யாருக்காகவும் கழுத்தை நீட்டமாட்டேன் என்று தொடங்கி, கடைசியில் நீட்டிவிடுகிற ரிக்கின் கதை, நிஜத்தில் தலைகீழாக நடந்தது.

ஆனாலும் பாருங்கள், 1957 ஜனவரியில் போகார்ட் இறந்த சில மாதத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள பிராட்டில் தியேட்டர் 'காசாபிளாங்கா'வை மறுபடி திரையிட்டது. மாணவர்கள் விடவில்லை. ஆண்டுதோறும், குறிப்பாகப் பரீட்சை நேரத்தில், அதைப் போட்டே ஆகவேண்டும் என்றானது. வசனத்தைத் திரைக்கு முன்னால் இவர்களே சொல்வார்கள். நம் ஊரில் சிவாஜி பட வசனத்தைக் கொட்டகையே சேர்ந்து ஒப்பித்தது போலத்தான். பயந்து வாய்மூடிய பத்தாண்டின் பிள்ளைகள், பெற்றோர் பேசத் தயங்கியதை இருட்டில் உரக்கப் பேசிப் பார்த்தார்கள்.

சூயஸில் தோற்றவன் திரையில் ஜெயித்தான்

இனி மற்ற வகைக்கு, ஜெயித்தபின் எடுத்த படங்களுக்கு, வருவோம். 1955இல் பிரிட்டனில் வசூலில் முதலிடம் 'டாம்பஸ்டர்ஸ்'. மறு வருடம் முதலிடம், இரண்டு காலும் இல்லாத விமானி டக்ளஸ் பேடரின் கதையான 'ரீச் ஃபார் தி ஸ்கை'. இந்தப் படம் வந்தது 1956 ஜூலையில். அதே மாதம் 26ஆம் தேதி எகிப்தின் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். பிரிட்டன் பிரான்சோடும் இஸ்ரேலோடும் ரகசியமாகக் கூட்டுச் சேர்ந்து படையெடுத்தது, அமெரிக்கா மிரட்டியதும் நவம்பரில் பின்வாங்கியது. ஜனவரியில் பிரதமர் ஈடன் பதவி விலகினார். சாம்ராஜ்யம் கண்ணெதிரே சரிந்துகொண்டிருந்த அந்த வருடங்களில், தியேட்டருக்குள் மட்டும் பிரிட்டன் வாரா வாரம் ஜெயித்தது.

ரசிக்கத்தக்க படங்கள்தான், மறுக்கவில்லை. ஜெர்மனியின் அணைகளை உடைக்கப் போன 19 லங்காஸ்டர் விமானங்களின் இரைச்சலில் இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும். போன 133 பேரில் 53 பேர் இறந்தார்கள். அந்தத் துக்கத்தை 'டாம்பஸ்டர்ஸ்' கண்ணியமாகவே காட்டுகிறது. உடைந்த அணையின் வெள்ளத்தில் கீழே செத்தவர்கள் ஆயிரத்துக்கும் அதிகம். அவர்களில் பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அடிமை வேலைக்கு இழுத்துவரப்பட்டவர்கள், அதிலும் பெண்கள் நிறைய. அவர்கள் சட்டகத்துக்குள் வரவில்லை. படத்தின் அணிவகுப்பு இசை மட்டும் பிழைத்து, ஜெர்மனியோடு கால்பந்து ஆட்டம் வந்தால் இங்கிலாந்து ரசிகர்கள் கேலரியில் முனகும் மெட்டாகிவிட்டது.

'தி கிரேட் எஸ்கேப்' இன்னும் வேடிக்கை. நிஜத்தில் 1944 மார்ச்சில் ஜெர்மன் போர்க்கைதி முகாமிலிருந்து சுரங்கம் வழியே வெளியேறியவர்கள் 76 பேர். 73 பேர் பிடிபட்டார்கள், அதில் 50 பேரை ஹிட்லரின் ஆணைப்படி சுட்டுக் கொன்றார்கள். தப்பிய மூவரில் இருவர் நார்வேக்காரர், ஒருவர் டச்சுக்காரர். அமெரிக்கர் ஒருவர்கூட அந்த இரவில் வெளியேறவில்லை. ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது மோட்டார் சைக்கிளில் வேலி தாண்டும் ஸ்டீவ் மெக்வீனை. சென்னை அண்ணா சாலை தியேட்டர்களில் 'கன்ஸ் ஆஃப் நவரோன்', 'வேர் ஈகிள்ஸ் டேர்' என்று வளர்ந்த நம் மூத்த தலைமுறைக்கும் இரண்டாம் உலகப் போர் என்றால் இதுதான். கதாநாயகன் சுட்டால் இருபது ஜெர்மானியர் விழுவார்கள்.

டன்கிர்க்கிலும் இதே கதை. 1940இல் அந்தப் பிரெஞ்சுக் கடற்கரையிலிருந்து 3,38,000க்கும் மேற்பட்ட படைவீரர்கள் கடல் தாண்டித் தப்பியபோது, இப்படித் தப்பி ஓடி வருவதால் போரை ஜெயித்துவிட முடியாது என்று நாடாளுமன்றத்தில் எச்சரித்தவர் சர்ச்சிலே. எண்பது வருடம் கழித்து அந்தப் பின்வாங்கல் வெற்றித் திருவிழா ஆகிவிட்டது. கோவேறு கழுதைகளோடு அந்தக் கடற்கரையில் நின்ற இந்திய ராணுவப் பிரிவினரை நோலனின் கேமரா காணவேயில்லை.

க்வாய் நதியில் இல்லாதவர்கள்

தமிழ் வாசகர் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய படம், டேவிட் லீன் 1957இல் எடுத்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்'. ஏழு ஆஸ்கர். ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலக் கர்னல், எதிரிக்கே உயர்தரமான பாலம் ஒன்றைக் கட்டிக்கொடுத்து, அதில் தன் பெருமையைக் காணும் கதை. நிஜத்தில் அந்தப் பாலத்தருகே கைதிகளுக்குத் தலைமை தாங்கிய கர்னல் டூசி அப்படிப்பட்டவர் இல்லை என்று அவரோடு இருந்த வீரர்கள் கடைசிவரை கோபப்பட்டார்கள். அவர்கள் கோபம் நியாயம். அவர்கள் பாக்கியசாலிகள் என்றும் சொல்ல வேண்டும். தவறாகவாவது படத்தில் இருந்தார்கள்.

சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்த ரயில்பாதை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் வேலை பார்த்த நேச நாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல், இறந்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் இதைப்போல மூன்று நான்கு மடங்கு. அவர்களில் சுமார் 90,000 பேர் இறந்தார்கள் என்பது பொதுவாக ஒத்துக்கொள்ளப்படும் மதிப்பீடு. பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள்.

முதலில் ஆசைகாட்டினார்கள். சில மாத வேலை, நல்ல கூலி, சாப்பாடு, குடும்பத்தோடும் வரலாம். போனவர்கள் திரும்பாததைப் பார்த்து லயத்துச் சனம் உஷாரானதும் லாரியை நிறுத்திப் பிடித்துப் போட்டார்கள். இலவசப் படம் காட்டுவதாக அறிவித்து, கொட்டகை நிரம்பியதும் கதவைப் பூட்டி, ஆண்களை அப்படியே ரயிலேற்றியதாகவும் பதிவுகள் உண்டு. சினிமாவின் ஆறுதலைப் பற்றி எழுதும் கட்டுரையில் இந்தத் தகவலை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இங்கேயே இருக்கட்டும்.

காட்டுக்குள் ராணுவக் கைதிகளுக்காவது தங்கள் டாக்டர்கள் இருந்தார்கள், கட்டுப்பாடு இருந்தது, கொதிக்கவைத்த தண்ணீர் குடிக்கச் சொல்ல ஆள் இருந்தது. தோட்டத்துச் சனத்துக்கு அது எதுவும் இல்லை. வாந்திபேதி வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். போருக்குப்பின் ராணுவத்தாரின் கல்லறைகள் பெயர் பொறித்து, புல் வெட்டி, இன்றுவரை பராமரிக்கப்படுகின்றன. தோட்டத் தொழிலாளிக்குக் கல்லும் இல்லை, பட்டியலும் இல்லை. மலேசியத் தமிழர்கள் இதை மறக்கவில்லை. சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' என்று நாவல்கள் வந்தன. லீனின் படத்திலோ, பாலம் கட்டுவது முழுக்க வெள்ளைக்காரக் கைகள்.

படப்பிடிப்பு நடந்த இடம் இலங்கையின் கித்துள்கல, களனி ஆற்றங்கரை. 1957 மார்ச்சில் அந்தப் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்ததைப் பார்க்கப் பிரதமர் பண்டாரநாயக்கவே வந்திருந்தார். தனிச் சிங்களச் சட்டத்தை அவர் கொண்டுவந்து ஒரு வருடம் முடியவில்லை. அடுத்த வருடம் நாடே தீப்பற்றியது. திரைக்கதையை எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்ததால் அவர்கள் பெயரும் படத்தில் வரவில்லை. ஆங்கிலத்தில் எழுதத் தெரியாத மூல நாவலாசிரியர் பியர் பூலுக்கு ஆஸ்கர் போனது. எழுதியவர்கள் இருவருக்கும் விருது கடைசியில் வந்து சேர்ந்தபோது இருவருமே உயிரோடில்லை. அவர்களுக்காவது பிராயச்சித்தம் நடந்தது.

மாஸ்கோவின் மே 9

ஆறுதலை அரசே கையில் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ரஷ்யா உதாரணம். ஒவ்வொரு மே 9 வெற்றித் திருநாளிலும் அங்கே தொலைக்காட்சியில் தவறாமல் வருவது 1973இல் வந்த 'போருக்குப் போவது முதியவர்கள் மட்டுமே'. பாடிக்கொண்டே பறக்கும் இளம் விமானிகளின் கதை, கண்ணில் நீர் வராமல் பார்க்க முடியாது. 2009இல் வண்ணமும் பூசிவிட்டார்கள். அதை எடுத்து நடித்த லியோனித் பைக்கோவ் உக்ரைனியர், தோனெட்ஸ்க் பகுதியில் பிறந்தவர். படம் தயாரானது கீவ் நகரத்து தொவ்ஷென்கோ ஸ்டுடியோவில். கதை நடப்பதும் உக்ரைன் விடுதலைக்காக. 2022இல் அதே நகரத்தின் மேல் மாஸ்கோவின் ஏவுகணைகள் விழத் தொடங்கின.

இதனால் பழைய படங்களை மூட்டை கட்டிவைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 'டாம்பஸ்டர்ஸ்' போட்டால் நானும் உட்கார்ந்து பார்ப்பேன். ஆனால் செய்தி நெஞ்சை அழுத்தும் இரவில் என் கை போவது 1942இன் பக்கம். அந்த வருடத்தில் வந்தவற்றில் தைரியம் மிகுந்தது ஒரு சிரிப்புப் படம். எர்ன்ஸ்ட் லூபிட்ச், பெர்லின் யூதர், எடுத்த 'டு பி ஆர் நாட் டு பி'. வார்சாவின் நாடகக் கம்பெனி நடிகர்கள், ஆக்கிரமித்த நாஜிகளை ஒப்பனையாலும் நடிப்பாலும் ஏமாற்றும் கதை. அமெரிக்கா போரில் இறங்கி சில மாதம்தான் ஆகியிருந்தது. கதாநாயகி கரோல் லோம்பார்ட், போர்க்கடன் பத்திரம் விற்கப் போய்த் திரும்பும் வழியில் ஜனவரி 16 அன்று விமான விபத்தில் இறந்துபோனார். படம் அதன்பிறகே வந்தது. வார்சா எரியும்போது சிரிப்பா என்று விமர்சகர்கள் காய்ச்சி எடுத்தார்கள்.

நாயகனாக நடித்த ஜாக் பென்னி, போலந்து யூதக் குடியேறி ஒருவரின் மகன். அப்பா ஆசையோடு தியேட்டருக்குப் போனார். முதல் காட்சிகளிலேயே மகன் நாஜி சீருடையில் கைநீட்டி சல்யூட் அடிப்பதைப் பார்த்தார். எழுந்து வெளியே போய்விட்டார், மகனோடு பேசவும் மறுத்தார். பென்னி போனில் கெஞ்சினார்: அது வேஷம் அப்பா, கதையில் நான் அவர்களை எதிர்ப்பவன், இன்னொரு தரம் போய் முழுசாகப் பாருங்கள். கிழவர் அரைமனதோடு போனார். அதன்பின் அந்தப் படத்தை அவர் 46 தடவை பார்த்தார் என்று பென்னி சொல்லிக்கொண்டிருப்பாராம்.